கலைவிழாவில் சின்னப் பிள்ளைகளோடு எந்த ஷோவைப் பார்க்கலாம்?

கலைவிழாவின் நிகழ்ச்சி நிரலைக் கையில் எடுத்ததுமே மலைப்பாக இருக்கும். ஸ்காட்லாந்தில் நடக்கிற எடின்பரோ ஃபிரிஞ்ச் போன்ற பெரிய விழாவில் ஆகஸ்ட் மாதத்தில் மட்டும் 3,000-க்கு மேல் நிகழ்ச்சிகள் நடக்கின்றன. வார இறுதியோடு முடிந்துபோகிற சின்ன விழாவில்கூட 'குடும்பத்தோடு பார்க்கலாம்' என்று போட்ட நிகழ்ச்சிகள் வரிசையாக இருக்கும். அந்த ஒரு வரியை நம்பி டிக்கெட் எடுக்காதீர்கள். ஒன்றரை வயதையும் பதினொரு வயதையும் ஒரே வரியில் அடக்கிவிட்டுப் போவார்கள், அவ்வளவுதான். எட்டு வயதுப் பையன் வயிறு வலிக்கச் சிரிக்கிற அதே கோமாளியைப் பார்த்து மூன்று வயதுத் தங்கை அப்பாவின் தோளில் முகத்தைப் புதைத்துக்கொண்டு வீட்டுக்குப் போகலாம் என்று அழுவாள்.

நான் பார்த்தவரை, ஒரு ஷோ சின்னப் பிள்ளைக்குப் பிடிப்பதும் பிடிக்காமல் போவதும் கதையைப் பொறுத்தோ கதாபாத்திரங்களைப் பொறுத்தோ பெரும்பாலும் அமைவதில்லை. மேடைக்கு எவ்வளவு பக்கத்தில் உட்காருகிறோம், எவ்வளவு நேரம் உட்கார வேண்டும், நடுவில் எழுந்தால் யாராவது முறைப்பார்களா, இந்த மூன்றும்தான் முக்கியம். அப்புறம் கூட வருகிற பெரியவருக்கும் அது ரசிக்கும்படி இருக்க வேண்டும். அம்மா கைபேசியைப் பார்த்துக்கொண்டு உட்கார்ந்திருந்தால் பிள்ளைக்கு அது உடனே தெரிந்துவிடும். அதனால் நிகழ்ச்சி வகைகளை இந்தக் கணக்கில் வைத்துப் பார்ப்போம், ஆறேழு வயது வரையுள்ள பிள்ளைகளை மனதில் கொண்டு.

பெரும்பாலான வீடுகளில் முதலில் கை போவது டிவியிலோ புத்தகத்திலோ பார்த்துப் பழகிய கதையை மேடையேற்றுகிற பெரிய அரங்க ஷோவுக்குத்தான். அதில் ஒரு நியாயம் இருக்கிறது. பிள்ளைக்குக் கதாபாத்திரத்தைத் தெரியும், யார் நல்லவர் யார் கெட்டவர் என்று விளக்கத் தேவையில்லை, பாட்டு வந்தால் கூடவே பாடும். ஆனால் அரங்கு பெரிது. பின்வரிசையிலிருந்து பார்த்தால் மேடையில் இருப்பவர்கள் விரல் அளவுதான் தெரிவார்கள், பதிவு செய்த இசை ஸ்பீக்கரில் அதிரும், இடைவேளையோடு சேர்த்து ஒன்றரை மணி நேரம் வரை போகும். நான்கு வயதுக்குக் கீழே இருந்தால் இதை விட்டுவிடலாம் என்பதே என் கருத்து. ஐந்து, ஆறு வயது என்றால் முன்பக்க இருக்கை கிடைத்தால் மட்டும் எடுங்கள். பின்னால்தான் இடம் இருக்கிறது என்றால் அதே பணத்துக்குச் சின்ன இடத்தில் நடக்கிற, பெயரே கேள்விப்படாத ஒரு பொம்மலாட்டத்துக்குப் போகலாம்.

பொம்மலாட்டத்தைப் பற்றி நான் கொஞ்சம் நீட்டித்தான் சொல்வேன், ஏனென்றால் மூன்றிலிருந்து ஏழு வயது வரைக்கும் இதற்கு ஈடாக வேறொன்றை நான் பார்த்ததில்லை. பொம்மை சின்னது என்பதால் பார்வையாளர்களையும் கிட்டத்தில்தான் உட்கார வைப்பார்கள். பெரும்பாலும் முன்னால் பாய் விரித்துப் பிள்ளைகள், பின்னால் நாற்காலியில் பெரியவர்கள். கிட்டத்தில் உட்காருகிற பிள்ளைக்கு பொம்மையின் கழுத்து லேசாகத் திரும்புவதுகூடத் தெரியும், அந்த ஒரு அசைவில் அது பொம்மைக்கு உயிர் கொடுத்துவிடும். ஜப்பானின் மரபுப் பொம்மலாட்டமான புன்ராக்குவில் ஒரு பொம்மையை மூன்று பேர் இயக்குகிறார்கள்: ஒருவர் தலையையும் வலது கையையும், இன்னொருவர் இடது கையை, மூன்றாமவர் கால்களை. மூன்று பேருமே கண்ணுக்கு எதிரே நிற்கிறார்கள், ஆனாலும் சற்று நேரத்தில் நம் கண் பொம்மையை மட்டும்தான் பார்க்கும். இன்றைக்குக் கலைவிழாக்களில் வருகிற பல பொம்மலாட்டக் குழுக்களும் இப்படி மறைவில்லாமல்தான் ஆட்டுகிறார்கள். பெரியவர்களுக்கு இது முதலில் விசித்திரமாக இருக்கும், பிள்ளைகளுக்கு இருக்காது. 'அந்த மாமா யாரு?' என்று ஒரு தடவை கேட்கும், அப்புறம் மறந்துவிடும்.

ஒரு ஷோவில் கம்பளியால் செய்த குட்டிக் கரடி ஒன்று தூங்க மாட்டேன் என்று அடம்பிடிக்கும். வசனம் கிடையாது. ஆட்டுபவர் அதன் போர்வையை இழுத்துவிடுவார், அது காலால் உதைத்துத் தள்ளும், மறுபடி இழுப்பார், மறுபடி தள்ளும். நான்காவது தடவை முன்வரிசையில் இருந்த ஒரு சின்னப் பெண் எழுந்து போய், தானே போர்வையை இழுத்துக் கரடியின் கழுத்துவரை மூடிவிட்டு, தட்டிக்கொடுத்துவிட்டு வந்து உட்கார்ந்தாள். ஆட்டுபவர் ஆட்டத்தை நிறுத்தவில்லை, கரடியைக் கண் மூட வைத்தார். மேடைக்கும் பாய்க்கும் நடுவே இரண்டடி கூட இல்லாததால்தான் அது நடந்தது. ஆயிரம் பேர் அரங்கில் அந்தப் பெண்ணைக் காவலாளி தூக்கிக்கொண்டு போயிருப்பார்.

ஒன்றை மட்டும் கவனியுங்கள்: பொம்மை வந்துவிட்டால் அது பிள்ளைகளுக்கானது என்று அர்த்தமில்லை. பொம்மலாட்டக்காரர்களின் உலக அமைப்பான யூனிமா 1929-இல் பிராகில் தொடங்கியது. பிரான்சில் சார்ல்வில்-மெஸியேர் நகரத்தில் 1961 முதல் பொம்மலாட்டத்துக்கென்றே உலக விழா நடக்கிறது. அங்கெல்லாம் போரையும் மரணத்தையும் பேசுகிற, முழுக்கப் பெரியவர்களுக்கான பொம்மை நாடகங்களும் நிறைய உண்டு. வயதுக் குறிப்பைப் பார்க்காமல் படத்தை மட்டும் பார்த்து எடுத்துவிடாதீர்கள். நிழற்பாவை என்றால் இன்னொரு விஷயம்: அரங்கை நன்றாக இருட்டாக்கித்தான் ஆக வேண்டும். இருட்டைக் கண்டு பயப்படுகிற பிள்ளை என்றால் வெளிச்சத்தில் ஆடுகிற கைப்பாவையோ மேசைமேல் வைத்து ஆட்டுகிற பாவையோ முதலில் காட்டிவிட்டு, நிழற்பாவையை அடுத்த வருஷத்துக்கு வைத்துக்கொள்ளலாம்.

சர்க்கஸுக்கு வருவோம். விலங்குகளைச் சேர்க்காமல், மனித உடலின் வித்தையை மட்டும் வைத்துச் செய்கிற சர்க்கஸ்தான் இப்போது கலைவிழாக்களில் அதிகம். இதன் பெரிய பலம் பேச்சு தேவையில்லை என்பது. வேறு மொழி பேசுகிற ஊரில் விழாவுக்குப் போனாலும் சரி, வீட்டில் மூன்று வயதும் ஒன்பது வயதும் சேர்ந்து இருந்தாலும் சரி, ஒரே டிக்கெட்டில் எல்லோருக்கும் நிறைவாக இருக்கக்கூடியது இதுதான். பெரியவர்களும் உண்மையாகவே வாய் பிளந்து பார்ப்பார்கள். பக்கத்தில் அப்பா மூச்சைப் பிடித்துக்கொண்டு பார்ப்பதைப் பார்ப்பது பிள்ளைக்கு ஒரு தனி இன்பம். ஆனால் கூடாரத்துக்குள் நடக்கிற பெரிய சர்க்கஸில் இசை மிகச் சத்தமாக இருக்கும், ஒரு மணி நேரத்துக்கு மேல் போகும், உயரத்தில் ஆள் தொங்கும்போது சில பிள்ளைகள் விழுந்துவிடுவாரோ என்று நிஜமாகவே கலங்கிப்போவார்கள். நான்கு வயதுக்குமேல் என்றால் தயங்காமல் போகலாம். அதற்குக் கீழே என்றால் பகலில் வெட்டவெளியில் நடக்கிற, இரண்டு மூன்று பேர் மட்டும் செய்கிற சின்ன சர்க்கஸ் போதும்.

மேஜிக் ஷோ பிள்ளைகளுக்கென்றே பிறந்தது என்று பலர் நினைக்கிறார்கள். ஐந்து வயதுக்குக் கீழே அது பெரும்பாலும் எடுபடுவதில்லை, அதற்குக் காரணமும் எளிது. நாணயம் கைக்குள்ளிருந்து மறைவதைப் பார்த்து அசர வேண்டுமென்றால், நாணயம் அப்படி மறைய முடியாது என்று முதலில் உறுதியாகத் தெரிந்திருக்க வேண்டும். மூன்று வயதுக்கு உலகத்தில் எது நடக்கும் எது நடக்காது என்பதே இன்னும் தீர்மானமாகவில்லை. தொப்பியிலிருந்து முயல் வந்தால் சரி, முயல் வந்தது, அதைத் தொட்டுப் பார்க்கலாமா என்றுதான் கேட்கும். ஆறு, ஏழு வயதில் 'எப்படிச் செய்தார்?' என்கிற கேள்வி முளைக்கும், அப்போது மேஜிக் ஷோவைவிடச் சிறந்த செலவு கிடையாது. வீட்டுக்கு வந்தபின்னும் நாள் கணக்கில் ஓடும்.

கோமாளி விஷயத்தில் நான் ஆளைப் பார்த்துத்தான் முடிவு செய்வேன். முகம் முழுக்கச் சாயம், கத்திப் பேச்சு, கூட்டத்திலிருந்து பிள்ளையைக் கைபிடித்து மேடைக்கு இழுப்பது என்று இருந்தால் கூச்ச சுபாவமுள்ள பிள்ளைக்கு அது நரகம். மெதுவாக வருகிற, பேசாத, தன் செருப்போடும் நாற்காலியோடும் மல்லுக்கட்டுகிற கோமாளி என்றால் இரண்டு வயதுப் பிள்ளையும் விழுந்து விழுந்து சிரிக்கும். விழா இணையதளத்தில் பெரும்பாலும் ஒரு நிமிஷ முன்னோட்ட வீடியோ இருக்கும். அதைப் பிள்ளையோடு சேர்ந்து பார்த்துவிடுங்கள், அதன் முகமே பதில் சொல்லிவிடும்.

இரண்டு வயதுகூட ஆகாத குழந்தை என்றால் ஷோவே வேண்டாம் என்று பலர் விட்டுவிடுகிறார்கள். அது தேவையில்லை. கைக்குழந்தைகளுக்கென்றே நாடகம் செய்கிற குழுக்கள் இருக்கின்றன. லண்டனில் 1981-இல் தொடங்கிய ஆயிலி கார்ட் இந்த வழியில் முன்னோடி. மிகச் சிறு குழந்தைகளுக்காகவும், மாற்றுத்திறன் கொண்ட குழந்தைகளுக்காகவும், தொடுதல், வாசனை, ஒலி, வெளிச்சம் ஆகியவற்றை வைத்தே நிகழ்ச்சிகளை அமைத்தவர்கள். இந்த வகை நிகழ்ச்சி அரை மணி நேரம்தான் இருக்கும், இருபது முப்பது குழந்தைகளுக்குமேல் சேர்க்க மாட்டார்கள், எல்லோரும் தரையில் மெத்தையில்தான். கதை என்று பெரிதாக ஒன்றும் இருக்காது. ஒரு பெரிய காகிதத்தை மெதுவாகக் கசக்குவார்கள், அந்தச் சத்தத்துக்கு ஒன்பது மாதக் குழந்தை கையை ஆட்டுவதை நிறுத்திவிட்டுத் தலையைத் திருப்பிக் கேட்கும், அதுதான் நாடகம். முடிந்ததும் காகிதத்தைக் குழந்தைகளின் கையில் கொடுத்துவிட்டுப் பத்துப் பதினைந்து நிமிஷம் விளையாட விடுவார்கள். பெரியவருக்கு இதில் என்ன இருக்கிறது என்று கேட்டால், தன் குழந்தை இவ்வளவு நேரம் ஒன்றைக் கூர்ந்து கவனிக்குமா என்று பார்க்கிற சந்தோஷம் இருக்கிறது. இடம் குறைவு என்பதால் இதைத்தான் முதலில் பதிவு செய்ய வேண்டும். மற்றவற்றை விழா தொடங்கியபிறகுகூட எடுத்துக்கொள்ளலாம்.

தெருவில் நடக்கிற நிகழ்ச்சிகளுக்கு டிக்கெட் கிடையாது, இருக்கை கிடையாது, பிடிக்கவில்லையென்றால் நடையைக் கட்டலாம். சின்னப் பிள்ளைகளுக்கு இது மிகப் பெரிய வசதி. ஆனால் ஒரு சங்கடம்: தெருவில் வித்தை காட்டுகிறவர் கூட்டம் சேர்ப்பதற்கே நிறைய நேரம் எடுத்துக்கொள்வார், பெரிய வித்தையைக் கடைசிக்குத்தான் வைத்திருப்பார். அதுவரைக்கும் பேச்சும் கிண்டலும்தான், அது பிள்ளைக்குப் புரியாது. கூட்டம் வட்டமாக நின்றபின் போய்ச் சேர்ந்தால் பிள்ளைக்குத் தெரிவது மனிதர்களின் முழங்கால் மட்டுமே. முன்கூட்டியே போய்த் தரையில் முதல் வரிசையில் உட்காருங்கள், பெரும்பாலான கலைஞர்கள் பிள்ளைகளை முன்னால் உட்காரச் சொல்வார்கள். தோளில் தூக்கி வைத்துக்கொண்டால் பின்னால் நிற்பவருக்கு மறைக்கும், உங்கள் கழுத்தும் போய்விடும். முடிந்ததும் தொப்பியில் பணம் போட மறக்காதீர்கள், அதைப் பிள்ளையின் கையால் போட வையுங்கள். அவர்களுக்கு அன்றைய வருமானமே அதுதான்.

நடனத்தைப் பலர் பட்டியலிலேயே சேர்ப்பதில்லை, பிள்ளைக்குப் புரியாது என்று. புரிவதற்கு அதில் என்ன இருக்கிறது? நடக்கப் பழகிய குழந்தை முதலில் செய்வதே இசைக்கு முழங்காலை மடக்கி ஆடுவதுதான். முக்கால் மணி நேரத்துக்குள் முடிகிற, பிள்ளைகளுக்கென்று அமைத்த நடன நிகழ்ச்சி கிடைத்தால் தைரியமாக எடுங்கள். இசை நிகழ்ச்சிகளில் பேண்ட், டிஜே என்று வருகிற 'குடும்ப' நிகழ்ச்சிகளில் சத்தத்தைப் பாருங்கள். உலக சுகாதார நிறுவனம் 2022-இல் வெளியிட்ட நெறிமுறையில் இசை அரங்குகளுக்குச் சொன்ன உச்சவரம்பு 15 நிமிஷச் சராசரியில் 100 டெசிபல். அது பெரியவர்கள் போகிற இடங்களை நினைத்து வைத்த எல்லை, ஒன்றரை வயதுக் காதுக்கு அவ்வளவெல்லாம் வேண்டாம். காதை மூடுகிற ஹெட்ஃபோன் மாதிரியான பாதுகாப்பு உறை ஒன்று பையில் இருக்கட்டும். சின்னக் குழந்தைக்குக் காதுக்குள் வைக்கிற அடைப்பான் வேண்டாம், கழற்றி வாயில் போட்டுக்கொள்ளும். ஸ்பீக்கருக்கு நேர் எதிரே நிற்காமல் பக்கவாட்டில் தள்ளிப் பின்னால் நின்றாலே பாதிப் பிரச்சினை தீர்ந்துவிடும். பக்கத்தில் உட்கார வேண்டும் என்று இவ்வளவு நேரம் சொன்னேன், இது ஒன்று மட்டும் விதிவிலக்கு.

கதைசொல்லல் நல்ல ஆள் கையில் கிடைத்தால் அருமை, ஆனால் மொழி நன்றாகத் தெரிந்த நான்கு வயதுக்கு மேற்பட்டவர்களுக்கு மட்டும். செய்முறைப் பட்டறைகள், அதாவது முகமூடி செய்வது, களிமண், தாளம் போடுவது போன்றவை, ஷோவுக்குப் பதிலாக அல்ல, ஷோவுக்கு அப்புறம் வைத்துக்கொள்ள வேண்டியவை. ஒரு மணி நேரம் பார்த்துக்கொண்டே இருந்த பிள்ளைக்குக் கை துறுதுறுக்கும்.

இனி விழாவையே ஒப்பிட்டுப் பார்ப்போம், ஏனென்றால் ஒரே பொம்மலாட்டம் என்றாலும் எந்த விழாவில் எடுக்கிறோம் என்பது முக்கியம். ஃபிரிஞ்ச் வகை விழாக்களில் யார் வேண்டுமானாலும் இடம் பிடித்து நிகழ்ச்சி நடத்தலாம், தேர்வுக் குழு கிடையாது. 1947-இல் எடின்பரோவின் சர்வதேச விழா நடந்தபோது எட்டு நாடகக் குழுக்கள் அழைப்பே இல்லாமல் வந்து நிகழ்ச்சி நடத்தியதிலிருந்து தொடங்கிய வழக்கம் அது. ஆஸ்திரேலியாவில் 1960-இல் தொடங்கிய அடிலெய்டு ஃபிரிஞ்சும் அப்படித்தான். அதனால் அங்கே அபாரமான ஷோவும் இருக்கும், அரைகுறையும் இருக்கும், எது எது என்று விழா உங்களுக்குச் சொல்லாது. மாறாக, பிள்ளைகளுக்கென்றே நடக்கிற விழாக்களில் ஒரு குழு உட்கார்ந்து பார்த்துத் தேர்ந்தெடுத்துத்தான் அழைக்கிறது. அதே எடின்பரோவில் 1990-இல் தொடங்கிய சர்வதேசக் குழந்தைகள் விழா அப்படிப்பட்டது. முதல் முறை போகிறவர்கள் தேர்ந்தெடுத்து அழைக்கிற விழாவுக்குப் போங்கள். எதை எடுத்தாலும் ஓரளவு நம்பலாம். ஃபிரிஞ்ச் வகை விழா என்றால் அந்தக் குழு பிள்ளைகளுக்காகவே வேலை செய்கிற குழுவா என்று பாருங்கள். பெரியவர்களுக்கு இரவில் நகைச்சுவை செய்துவிட்டு, காலையில் அதையே வசைச் சொற்களை நீக்கிப் பிள்ளைகளுக்கு என்று செய்கிறவர்களும் உண்டு. சிலர் நன்றாகவும் செய்வார்கள், ஆனால் ஐந்து வயதுக்குக் கீழே அது ஒட்டாது.

வயதுக் குறிப்பில் 3+ என்று போட்டிருந்தால் அது அனுமதியா பரிந்துரையா என்று கேட்டுவிடுங்கள். பரிந்துரை என்றால் இரண்டரை வயதோடு போகலாம். அனுமதி என்றால் வாசலிலேயே திருப்பி அனுப்புவார்கள். மடியில் வைத்துக்கொள்கிற குழந்தைக்கும் பல இடங்களில் தனி டிக்கெட் வேண்டும். 'ரிலாக்ஸ்டு' காட்சி என்று ஒன்று போட்டிருந்தால் அதை விடாதீர்கள். விளக்குகளை முழுக்க அணைக்க மாட்டார்கள், ஒலியைக் குறைத்து வைப்பார்கள், யார் வேண்டுமானாலும் எழுந்து நடக்கலாம், சத்தம் போடலாம், வெளியே போய் வரலாம். ஆட்டிசம் உள்ளவர்களையும் சத்தம், வெளிச்சம் தாங்காதவர்களையும் மனதில் வைத்துத் தொடங்கிய ஏற்பாடு இது, அவர்களுக்கான இடத்தை மதித்து நடந்துகொண்டால் சின்னப் பிள்ளைகளுள்ள குடும்பங்களுக்கும் இதைவிட வசதியானது வேறில்லை. மின்னி மின்னி அடிக்கிற விளக்கு, மேடைப் புகை இருக்கிறதா என்பதையும் குறிப்பில் பார்த்துக்கொள்ளுங்கள். வலிப்பு, ஆஸ்துமா உள்ள பிள்ளைகளுக்கு அது விளையாட்டு விஷயமில்லை.

நேரம் என்று வரும்போது நான் விட்டுக்கொடுக்க மாட்டேன்: காலை ஷோ. பத்து, பதினொரு மணிக்குத் தொடங்குகிற சுமாரான ஷோ, பிற்பகல் இரண்டு மணிக்குத் தூக்கக் கலக்கத்தில் பார்க்கிற அற்புதமான ஷோவைவிட மேல். ஒரு நாளைக்கு ஒன்று, மிஞ்சினால் ஒன்றோடு ஒரு தெரு நிகழ்ச்சி. அரங்கிலிருந்து அரங்குக்கு ஓடினால் யாருக்கும் எதுவும் மனதில் நிற்காது. இன்னொன்று, பாட்டி தாத்தா கூட வருகிறார்கள் என்றால் தரையில் உட்கார வேண்டிய ஷோவில் அவர்களுக்கு நாற்காலி உண்டா என்று கேட்டு வையுங்கள், நிறைய இடங்களில் கேட்டால்தான் போடுவார்கள்.

வயது வித்தியாசம் உள்ள இரண்டு பிள்ளைகள் என்றால் நேரத்தையும் இடத்தையும் சின்னதைப் பார்த்து முடிவு செய்யுங்கள், உள்ளடக்கத்தைப் பெரியதைப் பார்த்து. முக்கால் மணி நேரத்துக்குள் முடிகிற, கிட்டத்தில் உட்காருகிற, ஆனால் ஏழு வயதுக்கும் சுவாரஸ்யமான ஷோ வேண்டும். இந்த இரண்டுக்கும் பொருந்துவது பெரும்பாலும் வசனமில்லாத பொம்மலாட்டமோ சின்ன சர்க்கஸோதான். அதுவும் கிடைக்கவில்லையென்றால் அப்பா ஒன்றைக் கூட்டிக்கொண்டு ஒரு பக்கம், அம்மா ஒன்றைக் கூட்டிக்கொண்டு இன்னொரு பக்கம் என்று பிரிந்து போவதில் ஒரு குறையும் இல்லை. தனியாகப் பெரியவரோடு போய் வருவதே பிள்ளைக்குப் பெரிய கொண்டாட்டம்.

இவ்வளவும் பார்த்து எடுத்த ஷோவும் சில நாள் சரிவராது. பசி, காய்ச்சலுக்கு முந்தைய சிணுங்கல், பக்கத்து வரிசையில் யாரோ தும்மியது, எதுவும் காரணமாக இருக்கலாம். அழத் தொடங்கினால் சில நிமிஷம் மடியில் வைத்துப் பாருங்கள், அடங்கவில்லையென்றால் வெளியே வந்துவிடுங்கள். டிக்கெட் பணத்துக்காக உட்கார வைத்தால் அடுத்த விழாவுக்குக் கூப்பிடும்போது அது வர மறுக்கும். அதனால்தான் பதிவு செய்யும்போது ஓரத்து இருக்கையாக, கதவுக்குப் பக்கமாகக் கேட்டு வாங்க வேண்டும், வெளியே போனால் மறுபடி உள்ளே விடுவார்களா என்றும் அப்போதே கேட்டுக்கொள்ள வேண்டும். பல அரங்குகளில் விடுவார்கள். தண்ணீர் குடித்து, வராந்தாவில் இரண்டு சுற்று நடந்துவிட்டுத் திரும்ப வந்து, கடைசிப் பத்து நிமிஷத்தை நன்றாக ரசித்த பிள்ளைகளைப் பார்த்திருக்கிறேன்.